பந்து கையில் இருப்பவர் பேசலாம்

உட்காருங்க ஐயா, தாராளமா உட்காருங்க. ஜன்னல் ஓரம் வேணுமா? வேண்டாமா, சரி. வேண்டாம்னு சொல்வீங்கன்னு தெரியும், இருந்தாலும் கேக்கறது. கேட்டாரேங்கிறது எதிராளி மனசுல நிக்கும் பாருங்க. சின்ன விஷயம்தான். தலைமைப் பண்பே சின்ன விஷயத்துலதான் இருக்குன்னு எங்களுக்குப் பாடம் எடுத்தாங்க.

எங்க இறங்கறீங்க? பெரியாஸ்பத்திரியா? அதுக்கு இன்னும் நேரம் கிடக்கு. நான் கடைசி ஸ்டாப். தூக்குவாளி சூடா இருக்கும் போலிருக்கே, கீழே கால் இடுக்குல வச்சுக்குங்க, கொட்டாது. ஆஸ்பத்திரியில யாரு... இருங்க, கண்டக்டர் வர்றார், சில்லறை எடுத்துக்கறேன்.

ம். என்ன சொல்லிட்டிருந்தேன்? தலைமைப் பண்பு.

நான் டாக்டருங்க. பேரு அறவாழி. நேத்து வரைக்கும் மலையடிவாரத்துல வட்டார மருத்துவ அலுவலர். வட்டாரத்துல இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையம் எல்லாத்துக்கும் தலை. நோயாளியைப் பார்க்கிறதைவிட ஆளுங்களை மேய்க்கிற வேலைதான் அதிகம். ஊருக்கு ஊர் ஒரு நர்ஸ் அம்மா இருப்பாங்க இல்லீங்களா, தடுப்பூசி போடறது, கர்ப்பிணிங்க பேரைப் பதிஞ்சு பிரசவம் வரைக்கும் பின்னாலேயே நடக்கறது, அந்த மாதிரி முப்பது பேருக்கு மேல என் கையில இருந்தாங்க. எல்லாம் பொம்பளைங்க. எல்லாருக்கும் வீடு, மாமியார், முட்டிவலி. அத்தனையும் சேர்த்துச் சமாளிக்கணும்.

நாளைக்கு நான் பயிற்சி நிலையத்துல சேர்றேன். படிக்க இல்லை, பாடம் எடுக்க. கிராமப்புற சுகாதாரத் துறையில தலைமையில இருக்கிறவங்க தனக்குக் கீழே இருக்கிறவங்க கிட்ட எப்படிப் பழகணும், எப்படிக் காது குடுத்துக் கேக்கணும், அதான் பாடம். பெருமைக்குச் சொல்லலை. ஆனா நேத்து நான் கிளம்பறப்போ ஒரு சால்வை இல்லைங்க. ஒரே ஒரு சால்வை.

சால்வைக்கு நான் அலையற ஆள் இல்லை. வீட்டுல ஒரு பீரோ நிறைய இருக்கு. ஆனா எங்க துறையில வாட்ச்மேன் ஓய்வு பெற்றாலும் சால்வை உண்டு. கேசரி கிளறுவாங்க, படிக்கட்டுல எல்லாரும் நின்னு போட்டோ எடுப்பாங்க, யாராவது ஒரு அம்மா மைக்கைப் பிடிச்சுத் தொண்டை கம்மிப் பேசுவாங்க. எனக்கு முன்னாடி இருந்த மாசிலாமணிக்கு வேன் பிடிச்சு வீடு வரைக்கும் கொண்டுபோய் விட்டு, அங்கே சாப்பிட்டு, அழுதுட்டு வந்தாங்களாம். மாசிலாமணிக்கு. அந்த ஆளுக்கு.

அவரைப் பத்திச் சொன்னாதான் உங்களுக்கு விளங்கும். மாசத்துக்கு ஒருநாள் ஆய்வுக் கூட்டம் நடக்கும். அந்த மாசம் எத்தனை தடுப்பூசி, எத்தனை பிரசவம், யாரு குறைச்சல், யாரு கூடன்னு பார்க்கிற கூட்டம். மாசிலாமணி குறைச்சலா இருக்கிற அம்மாவை எழுப்பி நிக்க வச்சுடுவார். நிக்க வச்சுக் கத்துவார். ரோட்டுல போறவன் நின்னு கேட்டுட்டுப் போவான். "ஏம்மா, உன் ஊர்ல குழந்தைங்க ஊசியைக் கண்டு ஓடுதா, இல்ல உன் மூஞ்சியைக் கண்டு ஓடுதா?" அப்படிக் கேப்பார். அறுபது வயசை நெருங்கற அம்மாவைக்கூட நீ, வா, போதான். கத்தி முடிச்சதும், "சரி, டீ குடிச்சிட்டு வந்து என்ன வேணும்னு சொல்லித் தொலை"ம்பார். டீ நேரத்துல அவங்க ஏதோ முனகுவாங்க, இவர் குப்புராசு, குப்புராசுன்னு டிரைவரைக் கூப்பிடுவார். ஜீப் கிளம்பிடும். இதெல்லாம் ஒரு நிர்வாகமா?

அதைவிடக் கேளுங்க. ஒருதடவை கலெக்டர் கூட்டத்துல, இந்த வட்டாரத்துல ஏன் தடுப்பூசி குறைஞ்சதுன்னு கேட்டிருக்காங்க. இவர் எழுந்து நின்னு, "நான்தான் சார் சரியாப் பார்க்கலை"ன்னுட்டார். தப்பு ஒரு நர்ஸ் மேல. இவர் கண்டனக் கடிதத்தை வாங்கி மடிச்சு ஜோபியில வச்சுக்கிட்டு வந்து, அந்த அம்மாவை இன்னொரு அரைமணி நேரம் திட்டினாராம். தன்னைக் காப்பாத்திக்கத் தெரியாத மனுஷன். பதவி உயர்வு இல்லாமலே வீட்டுக்குப் போனார், பாவம்.

நான் வந்ததும் முதல்ல கத்தலை நிறுத்தினேன். என் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை, என் மனைவி உட்பட. அப்புறம்தான் என்னைத் தலைமைப் பண்புப் பயிற்சிக்கு அனுப்பினாங்க. நகரத்துல, ஏசி ஹால்ல. கத்துக்க எவ்வளவு இருந்துச்சுங்கிறீங்க. பேசறவங்க கண்ணைப் பார்க்கணும். தலையை ஆட்டணும். அவங்க சொன்னதையே நம்ம வாயால ஒருதடவை திருப்பிச் சொல்லணும், அப்பதான் நாம கேக்கறோம்னு அவங்களுக்கு நம்பிக்கை வரும். முடியாதுன்னு வாயால சொல்லக் கூடாது, பார்க்கலாம்னு சொல்லணும். எல்லாரும் வட்டமா உட்காரணும், தலைன்னு ஒருத்தர் தனியா உட்காரக் கூடாது. எல்லாத்துக்கும் மேல, பந்து.

இதோ, பையிலதான் வச்சிருக்கேன். பிடிங்க. ஸ்பாஞ்சு பந்து, மஞ்சள் கலர். அமுக்கிப் பாருங்க. நல்லா இருக்கில்லை? கையிலயே வச்சுக்குங்க, பரவாயில்லை. இந்தப் பந்து யார் கையில இருக்கோ அவங்கதான் பேசலாம். மத்தவங்க கேக்கணும். அதுவே கலெக்டரா இருந்தாலும் சரி, ஆயாம்மாவா இருந்தாலும் சரி. வாயாடிங்க அடங்குவாங்க, வாயில்லாத பூச்சிங்களுக்கும் முறை வரும். எவ்வளவு பெரிய சமத்துவம் பாருங்க. நாப்பது ரூபாய்ப் பந்து.

முதல் கூட்டத்துல சிரிச்சாங்க. ரெஜினான்னு ஒரு நர்ஸ், வாய்க்கொழுப்பு ஜாஸ்தி, "சார், பிடிக்காம விட்டா அவுட்டா?"ன்னு கேட்டாங்க. இன்னொரு அம்மா பந்தை மோந்து பார்த்துட்டு, "குழந்தைங்க கடிச்சதா சார், பால்வாடை வருது"ன்னாங்க. நானும் சிரிச்சேன். சிரிக்கணும்னு பாடத்துலயே இருக்கு.

பந்தோட ஒரு கூடையும் உண்டு. கூட்டம் ஆரம்பிக்கறப்போ எல்லார் செல்போனும் கூடைக்குள்ள போயிடணும். இல்லைன்னா கவனம் சிதறும். சமையல்கார அம்மாகிட்ட வெங்காயக் கூடையைக் கேட்டு வாங்கி வச்சேன். என் போனையும் முதல் ஆளா நான்தான் போட்டேன். முன்மாதிரி.

ஜூலையில ரெஜினா பாதியில எழுந்து போய்க் கூடையில இருந்து போனை எடுத்துட்டாங்க. பையன் பள்ளிக்கூடத்துல விழுந்துட்டான்னு ஏதோ. நான் ஒரு வார்த்தை கடிஞ்சுக்கலை. "போயிட்டு வாங்கம்மா"ன்னு சிரிச்சு அனுப்பினேன். திங்கக்கிழமை ஒரு மெமோ குடுத்தேன், அவ்வளவுதான். மெமோவைக்கூட அன்புள்ளன்னு போட்டுத்தான் ஆரம்பிச்சேன். மாசிலாமணியா இருந்தா தாம்தூம்னு குதிச்சிருப்பார். ஆனா மெமோ குடுக்க மாட்டார். அதுக்கும் ஒரு ஒழுங்கு வேணுமில்ல?

என்ன எட்டி எட்டிப் பார்க்கறீங்க? இது மேம்பாலம். உங்க ஸ்டாப் இன்னும் வரலை, வந்தா கண்டக்டர் சொல்வார்.

ஆகஸ்ட் கூட்டம். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

அன்னைக்குப் பயிற்சி நிலையத்துல இருந்து ஒரு மேடம் வந்திருந்தாங்க. என் வட்டாரத்தை மத்தவங்களுக்கு முன்மாதிரி வட்டாரமா எடுத்துக்கலாமான்னு பார்க்க வந்தாங்க. வட்டம், பந்து, கூடை எல்லாத்தையும் படம் எடுத்தாங்க. மத்தியானம் அவங்களைச் சாப்பாட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும், அப்புறம் ரயிலடியில விடணும். அதுக்காக ஜீப்பை வாசல்லயே நிறுத்தி வைக்கச் சொல்லியிருந்தேன்.

செங்கமலம்னு ஒரு நர்ஸ் அம்மா. ஓய்வுக்குக் கிட்டத்துல இருந்தாங்க. மலைமேல ஓலைப்பாறைங்கிற ஊரெல்லாம் அவங்க பொறுப்பு. உள்ள வர்றப்பவே, "சார், ஒரு நிமிஷம்"னு வந்தாங்க. மேடம் பக்கத்துல நிக்கறாங்க. நான் சிரிச்சு, "வட்டத்துல சொல்லலாம்மா, எல்லாரும் கேக்கட்டும்"னேன். தப்பா, சொல்லுங்க? அந்தரங்கமாக் காதுல ஓதறதுதானே பழைய நிர்வாகம்.

கூட்டம் ஆரம்பிச்சுக் கொஞ்ச நேரத்துல கூடைக்குள்ள கோழி கூவுச்சு. செங்கமலம் போன் அப்படித்தான். சேவல் கூவற சத்தம் வச்சிருப்பாங்க, மலையில தூரத்துல இருந்தாலும் காதுல விழணும்னு. எல்லாரும் சிரிச்சாங்க. மேடமும் சிரிச்சாங்க. மறுபடி கூவுச்சு. செங்கமலம் பாதி எழுந்துட்டாங்க. நான் மேடத்தைப் பார்த்தேன். அப்புறம் மெதுவா, ரொம்ப மெதுவா, "அம்மா, பந்து உங்க கையில இல்லையே"ன்னேன்.

"சார், அது மலைக்கேஸு சார்."

"உங்க முறை வரும்மா. எல்லாருக்கும் வரும்."

ரெஜினா அவங்க புடவையைப் பிடிச்சு இழுத்து, "உக்காருக்கா, எனக்கு வந்த மாதிரி உனக்கும் அன்புள்ளன்னு வரும்"னாங்க. மெதுவாத்தான் சொன்னாங்க, ஆனா என் காதுல விழுந்துச்சு. நான் கேக்காத மாதிரி இருந்தேன். அதுவும் ஒரு பண்பு. செங்கமலம் உட்கார்ந்துட்டாங்க.

கோழி கூவிட்டே இருந்துச்சுங்க. விட்டு விட்டு. கொஞ்ச நேரத்துல யாரும் சிரிக்கலை. இப்பெல்லாம் நிஜக் கோழி கூவினாலே எனக்கு எரிச்சல் வருது, அது வேற விஷயம்.

பந்து அவங்ககிட்ட போறப்போ மத்தியானம் ஆயிடுச்சு. ஒவ்வொருத்தரும் பேசினா நேரம் ஆகத்தானே செய்யும். பந்தை வாங்கி மடியில வச்சுக்கிட்டு ஒரே மூச்சுல சொன்னாங்க. "சார், ஓலைப்பாறை சிந்தாமணிக்கு இது ரெண்டாவது பிரசவம். முதல் பிரசவத்துல உதிரம் நிக்காம உயிர் போய் வந்த பொண்ணு. கீழே வந்து ஆஸ்பத்திரியில தங்குன்னு ரெண்டு மாசமாக் கால்ல விழாத குறையாச் சொல்லி, இன்னைக்குத்தான் சரின்னிருக்கா. நீ வந்தா வர்றேன்கா, வேற யார் வந்தாலும் ஏறமாட்டேன்னா. புருஷன் அவளை நடத்திக் கூட்டியாந்து ஃபாரஸ்ட் செக்போஸ்ட்டுல உக்கார வச்சிருக்கான். ஜீப் வேணும் சார்."

நான் கத்துக்கிட்டதைச் செஞ்சேன். கண்ணைப் பார்த்தேன். தலையை ஆட்டினேன். திருப்பிச் சொன்னேன். "உங்களுக்கு ஜீப் தேவைப்படுதுங்கிற உணர்வு இருக்கு. அப்படித்தானேம்மா?"

அந்தம்மா என்னைப் பார்த்தாங்க பாருங்க ஒரு பார்வை. "உணர்வு எல்லாம் இல்லை சார். ஜீப்பு."

வட்டத்துல யாரோ களுக்குன்னாங்க. மேடம் எழுதிக்கிட்டிருந்தாங்க. நான் பதறலை. பாடத்துல இதுக்கும் வழி இருக்கு. அவசரமா முடிவு எடுக்கக் கூடாது. சுவர்ல ஒரு சார்ட் ஒட்டி, பிறகு பேசுவோம்னு தலைப்புப் போட்டு வைக்கணும், பிரச்சினையைக் கலர் தாள்ல எழுதி அதுல ஒட்டணும். பிரச்சினையை நாம மதிக்கறோம்னு அவங்களுக்குத் தெரியும். ஜீப்னு பச்சைத் தாள்ல என் கையாலயே எழுதி ஒட்டினேன். "நல்லாப் பகிர்ந்துக்கிட்டீங்கம்மா, நன்றி"ன்னேன். எல்லாரும் கைதட்டணும், அது வழக்கம். ரெண்டு மூணு பேர் தட்டினாங்க.

பந்து அடுத்தவங்களுக்குப் போச்சு.

மேடம் ரொம்பத் திருப்தியாப் போனாங்க. சாப்பிடறப்போ, "டாக்டர், பணியாளர் பேசறதை இவ்வளவு பொறுமையாக் கேக்கற அதிகாரியை நான் பார்த்ததில்லை"ன்னாங்க. அந்த வார்த்தைதான் இப்ப என்னைப் பயிற்சி நிலையத்துக்குக் கொண்டு போகுது.

அப்புறம் நடந்தது என்னன்னா, செக்போஸ்ட்டுல சிந்தாமணியும் புருஷனும் மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்திருக்காங்க. போன் பண்ணிப் பண்ணிப் பார்த்திருக்கான் புருஷன். மழை பிடிச்சுக்கிச்சு. அக்கா ஏமாத்திட்டாங்கன்னு நினைச்சு அந்தப் பொண்ணு எழுந்து மேலே நடந்துட்டா. கூட்டம் கலைஞ்சு கூடையில இருந்து போனை எடுத்ததும் செங்கமலம் நூத்தியெட்டுக்குச் சொல்லி, தானும் ஒரு ஆட்டோவைப் பிடிச்சு ஓடியிருக்காங்க. செக்போஸ்ட்டுல ஆளில்லை. அதுக்கு மேல ஆட்டோ ஏறாது. நடந்தே போயிருக்காங்க. சிந்தாமணி, நீ வரலை இல்ல, நானும் வரலைன்னு படுத்துக்கிட்டாளாம். மறுநாள் விடியறதுக்குள்ள பிரசவம். பெண் குழந்தை. குழந்தை பிழைச்சுது. தாய் உதிரம் நிக்காமப் போயிட்டா.

நான் வருத்தப்படலைன்னு நினைக்காதீங்க. இரங்கல் கூட்டம் வச்சேன். வட்டமா உட்கார்ந்து ஒரு நிமிஷம் மௌனம் இருந்தோம்.

பிரசவத்துல தாய் இறந்தா கலெக்டர் முன்னாடி விசாரணை உண்டு. அங்கேதான் என் பயிற்சி முழுசாக் கைகொடுத்துச்சு. நான் யாரையும் குற்றம் சொல்லவே இல்லைங்க. "எங்க அணியில தகவல் பரிமாற்றத்துல ஒரு இடைவெளி ஏற்பட்டுப்போச்சு சார்"னேன். யார் பக்கம் இடைவெளின்னார் கலெக்டர். கேட்டா சொல்லித்தானே ஆகணும்? நூத்தியெட்டைக் காலையிலயே கூப்பிட்டிருக்கலாம். கூட்டத்தை விட்டு எழுந்து போயிருக்கலாம். நான் என்ன கட்டியா போட்டேன்? சொன்னேன். வருத்தத்தோடதான் சொன்னேன், பேரைச் சொல்றப்போ 'அனுபவம் மிக்க'ன்னு ஒரு வார்த்தையும் சேர்த்தேன்.

கலெக்டர் பின்வரிசையில இருந்த செங்கமலத்தைக் கேட்டார். "டாக்டர்கிட்ட ஏம்மா காலையிலயே சொல்லலை?"

அந்தம்மா எழுந்து நின்னாங்க. "பந்து வரலை சார்."

"என்ன வரலை?"

"பந்து, சார்."

கலெக்டருக்கு ஒண்ணும் புரியலை. என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்ல? மன உளைச்சல் சார்னு மெதுவாச் சொன்னேன். அவங்களைக் காப்பாத்தத்தான் சொன்னேன். பெரிய அதிகாரிங்க உட்கார்ந்திருக்கிற இடத்துல பந்து பந்துன்னா, என் வட்டாரத்தைப் பத்தி என்ன நினைப்பாங்க? சாயங்காலமே சஸ்பெண்ட் ஆர்டர் வந்துடுச்சு. ஓய்வுக்கு இவ்வளவு கிட்டத்துல சஸ்பெண்ட் ஆனா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, பென்ஷன் தொங்கல்ல நிக்கும். விசாரணை முடியற வரைக்கும் நிக்கும். விசாரணை எப்ப முடியும்னு யாருக்குத் தெரியும்.

உறவு முறிஞ்சா தலைமையில இருக்கிறவங்கதான் முதல் அடி எடுத்து வைக்கணும். நான் வச்சேன். ஒரு கிலோ ஆப்பிள் வாங்கிக்கிட்டு அவங்க வீட்டுக்கே போனேன். எந்த அதிகாரி போவார் சொல்லுங்க. சஸ்பெண்ட் ஆனவங்க வீட்டுக்கு.

வீட்டுக்காரர் தையல்காரர். முன்ரூம்ல மிஷின்ல உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கலை. மிதிச்சுட்டே, "வாங்க டாக்டர். பந்து கொண்டு வந்தீங்களா? அது இல்லைன்னா நாங்க பேசக் கூடாதாமே"ன்னார்.

கிண்டல்னு எனக்குத் தெரியும். ஆனா கிண்டலுக்குக் கோபப்படக் கூடாது, அதுக்குள்ள இருக்கிற வலியைப் பார்க்கணும். பந்து நிஜமாவே பையில இருந்துச்சு. எடுத்து மிஷின் மேல வச்சேன். "பேசுங்க, நான் கேக்கறேன்"னேன்.

அந்த ஆள் மிஷினை நிறுத்திட்டுப் பந்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அப்புறம் கத்திரிக்கோலை எடுத்து... இல்லைங்க, ஒண்ணும் பண்ணலை. நூலை வெட்டினார். மறுபடியும் மிதிக்க ஆரம்பிச்சுட்டார்.

செங்கமலம் உள்ளே இருந்து தண்ணி கொண்டுவந்து குடுத்தாங்க. மரியாதையில குறை வைக்கலை. நான் குடிச்சு முடிக்கிற வரைக்கும் நின்னாங்க. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. "சார், சிந்தாமணி குழந்தைக்குப் பெண்டா தடுப்பூசி போடற நாள் தாண்டிடுச்சு. யாராவது மேலே போனாங்களா?"

நான் கண்ணைப் பார்த்தேன். தலையை ஆட்டினேன். "நல்ல கேள்விம்மா"ன்னேன்.

தம்ளரை வாங்கிட்டு உள்ளே போயிட்டாங்க. நான் கிளம்பி ஜீப்புல ஏறினப்புறம் பார்த்தா, ஆப்பிள் பை சீட்டு மேல இருக்கு. எப்ப கொண்டுவந்து வச்சாங்கன்னே தெரியலை. டிரைவர் குப்புராசுகிட்ட கேட்டேன். அவன் கண்ணாடியைத் துடைச்சுட்டே, "நான் பார்க்கலை சார்"ன்னான். அந்த ஊசியா? ரெஜினா லீவு போட்டுட்டு மலை ஏறிப் போட்டுட்டு வந்ததா அப்புறம் கேள்விப்பட்டேன். லீவு நாள்ல அரசாங்க மருந்தை எடுத்துட்டுப் போனதுக்கு நான் மெமோ குடுக்கலை. அதையும் யாரும் நினைச்சுப் பார்க்கலை.

நீங்க நல்லாக் கேக்கறீங்கய்யா. பந்தை அமுக்கிட்டே இருக்கீங்க பாருங்க, எல்லாரும் அப்படித்தான், கை தானா அமுக்கும். மனசு லேசாகும்.

பயிற்சி நிலையத்து ஆர்டர் வந்தது. கடைசிக் கூட்டம் முந்தாநாள். நான்தான் முன்னாடியே போய் நாற்காலியை வட்டமாப் போட்டேன். ஆயாம்மா போடறேன்னாங்க, விடலை. அவங்க பாட்டுக்கு வந்து உட்கார்ந்தாங்க. போனைக் கூடையில போட்டாங்க. செங்கமலத்தோட நாற்காலியை நான் போடலை, ஆனா யாரோ போட்டிருந்தாங்க. காலியா இருந்துச்சு. எடுக்கச் சொல்லலாமான்னு நினைச்சேன். சொல்லலை.

நான் கொஞ்சம் பேசினேன். உங்ககிட்ட நான் கத்துக்கிட்டது நிறையன்னேன். என்கிட்ட என்ன குறை இருந்தாலும் இன்னைக்கு மனசு விட்டுச் சொல்லணும், நான் கேக்கத்தான் உட்கார்ந்திருக்கேன்னேன். பந்தை முதல் அம்மாகிட்ட குடுத்தேன்.

அந்தம்மா வாங்கினாங்க. மடியில வச்சுக்கிட்டாங்க. என் கண்ணைப் பார்த்தாங்க. தலையை ஆட்டினாங்க. பக்கத்துல குடுத்துட்டாங்க.

அடுத்தவங்களும் அப்படியே. கண்ணைப் பார்த்தாங்க, தலையை ஆட்டினாங்க, குடுத்துட்டாங்க. யாரும் அவசரப்படலைங்க. ஒவ்வொருத்தரும் நிதானமா வச்சிருந்துதான் குடுத்தாங்க. மின்விசிறி சத்தம் மட்டும்தான். அந்தக் காலி நாற்காலி வந்தது. ரெஜினா அதுக்கு முந்தின நாற்காலியில உட்கார்ந்திருந்தாங்க. பந்தை அந்த நாற்காலி மேல வச்சாங்க. எல்லாரும் அதையே பார்த்துட்டிருந்தாங்க. கூடைக்குள்ள ஏதாவது ஒரு போன் அடிக்காதான்னு இருந்துச்சு எனக்கு. அடிக்கலை. அப்புறம் ரெஜினாவே எடுத்து அந்தப் பக்கத்து அம்மாகிட்ட குடுத்தாங்க. சுத்தி எங்கிட்டயே வந்துடுச்சு.

எனக்கு விதி தெரியுமே. பந்து என் கையில. நான் பேசலாம். நன்றின்னேன்.

எழுந்து கூடையில இருந்து அவங்கவங்க போனை எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. வடை வாங்கி வச்சிருந்தேன், தட்டோட இருந்துச்சு.

வீட்டுக்கு வந்து யோசிச்சேன். முப்பது பேருக்கு வாய்ப்புக் குடுத்தும் ஒருத்தர் ஒரு குறை சொல்லலை. அப்ப குறை இல்லைன்னுதானே அர்த்தம்? மாசிலாமணி கூட்டத்துல அவ்வளவு முனகல் இருக்கும், எதிர்த்துப் பேச்சு இருக்கும், அழுகை இருக்கும். என் கூட்டத்துல ஒண்ணும் இல்லை. என் மனைவிகிட்ட இதைத்தான் சொன்னேன். அவ, "சரி"ன்னா. அவ எப்பவும் அதிகம் பேச மாட்டா.

அப்ப சால்வை ஏன் இல்லை? அதான் எனக்கு விளங்கலை. நேத்து சாயங்காலம் அறையைப் பூட்டிச் சாவியைக் குடுக்கப் போனேன். ஒருத்தர் இல்லை. சுவர்ல அந்த சார்ட் மட்டும் இருந்துச்சு, ஜீப்னு எழுதின பச்சைத் தாளோட. யாரும் கிழிக்கலை. நானும் கிழிக்கலை. குப்புராசு என் பெட்டியைக் கொண்டுவந்து வாசல்ல வச்சுட்டு நின்னான். பஸ் ஸ்டாண்டுல விடறியான்னேன். "வண்டி மலைக்குப் போகுது சார்"னான். யார் சொன்னதுன்னேன். "யாரும் சொல்லலை சார். அன்னைக்கு வாசல்ல சும்மா நின்னது நின்னதாப் போச்சு. இனிமே நிக்காது"ன்னான். டிரைவருங்க. ஒரு டிரைவர். நான் கோபப்படலை. பெட்டியைத் தூக்கிட்டு நடந்தே வந்தேன்.

நாளைக்கு முதல் வகுப்பு. வட்டார மருத்துவ அலுவலர்கள் வருவாங்க, எல்லாம் இளவட்டம். முதல் பாடமே பந்துதான். வட்டமா உட்கார வச்சு... என்ன? ஏன் எழுந்திரிக்கறீங்க? கையைக் காட்டறீங்க. ஒரே நிமிஷம், முடிச்சுடறேன். பாடத்துக்கு ஒரு உதாரணம் வேணும், செங்கமலத்தைப் பேர் சொல்லாமச் சொல்லலாம்னு இருக்கேன். உரிய நேரத்துல வாயைத் திறக்காததால வந்த...

பெரியாஸ்பத்திரி போயிடுச்சா? எப்ப?

கண்டக்டர், இதென்னங்க, பெரியாஸ்பத்திரின்னு சத்தம் போட மாட்டீங்களா? போட்டீங்களா? எனக்குக் கேக்கலையே. ரெண்டு ஸ்டாப் தாண்டிடுச்சாங்கய்யா. நிறுத்தச் சொல்றேன், இருங்க. தூக்குவாளியை எடுத்துக்குங்க, பார்த்து. உள்ளே இருக்கிறது யாரு, மகளா? ஆபரேஷனா? அடடா. கஞ்சி ஆறியிருக்கும். ஏங்க, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வாயை மூடியிருப்பேனே. கேக்கறதுதானேங்க என் வேலை. உங்களை யாரு தடுத்தா? இவ்வளவு நேரமும் பந்து உங்க கையிலதானே இருந்துச்சு?

அதைக் குடுத்துட்டு இறங்குங்க. நாளைக்கு வகுப்புக்கு வேணும்.